நடைப்பிணமும் வழிநூலும்



நடைப்பிணம் என்பது தமிழில் ஓர் ஏச்சுச்சொல். உண்டும் உறங்கியும் நடமாடியும் எதன்பொருட்டும் வாழாத மனிதனை அது சுட்டும். அங்கே பிணம் உவமை மட்டுமே. அமெரிக்கத் திரைப்படத்தில் அந்த உவமையை உவமையென்று கொள்ளாது, பிணத்தையே எழுப்பி நடக்கவிட்ட ஒரு வகை உண்டு. ஜோம்பிப் படம் என்பது அதன் பெயர். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் களத்துப் பிணங்களைக் கூழட்டு உண்கின்றன. இப்படங்களில் பிணங்களே எழுந்து மனிதரைத் தின்கின்றன. கற்றோர் பலர் இவ்வகையை முகஞ்சுளித்து ஒதுக்குவர். ஒதுக்கத் தக்கவையும் அவற்றுள் ஏராளம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், பெரும் படநிறுவனம் எதனையும் சாராத ஒரு படைப்பாளி தம் முதல் படைப்பைச் செய்ததும், அதன் உரிமையை இழந்ததும், இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து அதனையே மீண்டும் எழுத அமர்ந்ததும் கவிதை எழுதுவோர் கேட்கத்தக்க வரலாறாகும்.

ஜோம்பி என்னும் நம்பிக்கை ஹெயிட்டிக்குரியது. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாய் மடிந்த ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்களிடம் அது வளர்ந்தது. செத்த பின்னும் ஓய்வு கிட்டாது, மந்திரவாதி எழுப்பி வேலை வாங்குவான் என்பதே அங்கு அச்சத்தின் உயிர்நிலை. பிணம் கடிக்கும் என்ற அச்சம் அதில் இல்லை. தானும் அவ்வாறு ஆகிவிடுவோமோ என்ற அச்சமே உண்டு. அமெரிக்கப் படை ஹெயிட்டியைத் தன் பிடியில் வைத்திருந்த 1915 முதல் 1934 வரையிலான காலத்தில் இக்கதைகள் வடக்கே சென்றன. வில்லியம் சீப்ரூக் 1929இல் எழுதிய பயணநூல் அவற்றைப் பரப்பியது. 1932இல் விக்டர் ஹால்பெரின் இயக்கிய 'ஒயிட் ஜோம்பி' படத்தில், கரும்பாலையின் செக்கைப் பிணங்கள் சுற்றிச்சுற்றித் தள்ளும் காட்சி உள்ளது. ஒருவன் தவறி உள்ளே விழுகிறான். மற்றவர் நிற்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. இவ்வகைப் படங்கள் அனைத்திலும் நினைவில் நிற்கும் காட்சிகளுள் அது ஒன்று. 1943இல் ழாக் தூர்னர் இயக்கிய 'ஐ வாக்டு வித் எ ஜோம்பி' இன்னும் நுட்பமானது. அச்சத்தைவிடத் துயரமே அதில் மிகுதி.

இப்பழைய படங்களில் பிணத்திற்கு ஓர் எசமானன் இருந்தான். அவனை நீக்கியவர் ஜார்ஜ் ரோமெரோ.

1940இல் நியூயார்க்கில் பிறந்த ரோமெரோ, கல்விக்காகப் பிட்ஸ்பர்க் நகருக்குச் சென்று அங்கேயே தங்கினார். எஃகு ஆலைகள் அன்று நிறைந்திருந்த அந்நகரம் ஹாலிவுட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு கண்டத்தின் அகலம் தள்ளியிருப்பது. விளம்பரப் படங்களும் தொழிற்கூடங்களுக்கான குறும்படங்களும் எடுத்துப் பிழைத்துவந்த அவரும் நண்பர்களுமாகப் பத்துப் பேர் கூடி, ஆளுக்கு 600 டாலர் இட்டு, 'இமேஜ் டென்' என்று எண்ணிக்கையையே பெயராக வைத்து ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினர். அது போதாமல் மேலும் பலரிடம் பங்கு திரட்டினர். மொத்தச் செலவு ஏறத்தாழ 1,14,000 டாலர். எவான்ஸ் சிட்டி என்னும் சிற்றூரின் அருகே இடிக்கப்படவிருந்த ஒரு பண்ணைவீடு வாடகைக்குக் கிடைத்தது. குருதிக்குச் சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளைப் படமாதலின் அது போதும். பங்கு போட்டவர்களே நடித்தனர், ஒப்பனை செய்தனர். கார்ல் ஹார்ட்மன் தம் மகளையே படத்தில் தம் மகளாக நடிக்கவைத்தார். ரிச்சர்ட் மாத்தெசன் 1954இல் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்' புதினமே கருவுக்குத் தூண்டுதல் என்பதை ரோமெரோ மறைத்ததில்லை. இவ்வாறு உருவானதே 'நைட் ஆஃப் த லிவிங் டெட்'. உயிருள்ள பிணங்களின் இரவு எனத் தமிழில் கூறலாம். 1968 அக்டோபர் 1 அன்று பிட்ஸ்பர்க்கில் அது முதன்முதலாகத் திரையிடப்பட்டது. ஜோம்பி என்னும் சொல் அப்படத்தில் ஓரிடத்திலும் வருவதில்லை என்பது விந்தை.

கதை எளியது. தந்தையின் கல்லறைக்கு மலர்வளையம் வைக்கச் சென்ற அண்ணன் தங்கையரை ஒரு பிணம் தாக்குகிறது. அண்ணன் விழ, தங்கை பார்ப்ரா ஓடி ஒரு பண்ணைவீட்டில் ஒளிகிறாள். பென் என்னும் கறுப்பினத்தவன் அங்கு வந்து சேர்கிறான். நிலவறைக்குள் ஏற்கெனவே சிலர் பதுங்கியிருக்கின்றனர். வெளியே பிணங்கள் பெருகுகின்றன. உள்ளே இருப்போரோ, மேலே நின்று காப்பதா, நிலவறையில் அடைபடுவதா என்று ஒருவரோடொருவர் மோதி அழிகின்றனர். நிலவறை கூடாது என்று இறுதிவரை வாதிட்ட பென், கடைசியில் நிலவறைக்குள் புகுந்தே உயிர் தப்புகிறான். விடிகிறது. பிணங்களை வேட்டையாடிவரும் ஊர்க்காவல் கூட்டத்தின் ஓசை கேட்டு மேலே வந்து சன்னல் வழியே பார்க்கிறான். அவனையும் பிணமென்று சுட்டு வீழ்த்துகின்றனர். அதன்பின் அசையும் படமே இல்லை. நாளிதழ்ப் படங்களைப் போன்ற மங்கலான நிழற்படங்களில், கொக்கியால் இழுத்துச் செல்லப்படும் உடல் விறகுக் குவியலைச் சேர்கிறது.

பென்னாக நடித்தவர் டுவேன் ஜோன்ஸ். அப்பாத்திரம் எந்த இனத்தவன் என்று திரைக்கதை குறிக்கவில்லை. தேர்வுக்கு வந்தோருள் சிறந்தவர் ஜோன்ஸ் என்பதால் அவரை எடுத்துக்கொண்டதாகவே ரோமெரோ கூறிவந்தார். ஆனால் கல்வியாளரும் நாடகக்காரருமான ஜோன்ஸ் அவ்வளவு எளிதாக எண்ணவில்லை. முரட்டு லாரி ஓட்டுநனாக எழுதப்பட்டிருந்த பென்னின் பேச்சைத் தம் நாவிற்கேற்பத் திருத்திக்கொண்டார். வெள்ளைப் பெண்ணைக் கறுப்பு ஆண் அறையும் காட்சியை அமெரிக்க அரங்கம் எவ்வாறு காணும் என்று படப்பிடிப்பிலேயே எச்சரித்தார். முடிவில் பென் சாவதை மாற்ற வேண்டாம் என்ற உறுதியும் அவருக்கு இருந்தது. 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். முடிந்த படப்பிரதியைக் காரில் வைத்துக்கொண்டு நியூயார்க்கிற்குப் போய்க்கொண்டிருந்தபோது அச்செய்தியை வானொலியில் கேட்டதாக ரோமெரோ பின்னாளில் கூறினார். எழுதியபோது இல்லாத ஒரு பொருள், எழுதி முடித்த படைப்பின்மேல் வந்து அமர்ந்தது. இப்படி வந்து அமர்வதற்கு ஒரு படைப்பில் இடம் வேண்டும். அந்த இடத்தை அமைத்ததில் பாதிப் பங்கேனும் ஜோன்ஸுக்கு உரியது.

உரிமையை இழந்த கதை சில சொற்களில் முடிவது. அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி, உரிமையாளர் பெயரும் ஆண்டும் கொண்ட பதிப்புரிமைக் குறிப்பு படத்தில் இடம்பெற வேண்டும். படத்திற்கு முதலில் வேறொரு தலைப்பு இருந்தது. விநியோக நிறுவனம் தலைப்பை மாற்றிப் புதிய எழுத்துச்சட்டத்தை ஒட்டியபோது, பழையதோடு பதிப்புரிமைக் குறிப்பும் போயிற்று. புதியதில் அதைச் சேர்க்க எவரும் நினைக்கவில்லை. படம் பொதுச்சொத்தாயிற்று. எவரும் படியெடுக்கலாம், விற்கலாம், ஒளிபரப்பலாம். படைத்தவர்க்கு ஒரு காசும் தர வேண்டியதில்லை. வண்ணம் பூசினர். புதுக்காட்சி ஒட்டினர். முப்பரிமாணமாக மறுபடி எடுத்தனர். இவற்றுள் பெரும்பாலானவை பேசத் தகுதியற்றவை. எனினும் அப்படம் உலகெங்கும் நள்ளிரவுத் திரையரங்குகளிலும் மலிவு ஒளிநாடாக்களிலும் பரவி, ஒரு தனி வகைக்கே மூலமானதற்கு உடையவன் இன்றித் திரிந்ததும் ஒரு காரணம். ரோமெரோ அடைந்த புகழையும் இழந்த பொருளையும் இந்த ஒரு தவறிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

தொல்காப்பிய மரபியல் முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என வகைப்படுத்தும். திரைப்பட மறுஆக்கங்களை எடைபோட இதைவிட நல்ல துலாக்கோல் கிடைப்பது அரிது. ஒருவர் நூலுக்கு மற்றொருவர் செய்த வழிநூல் ஒன்றையும், ஒருவர் தம் நூலுக்குத் தாமே செய்த வழிநூல் ஒன்றையும் இங்கே எடுத்துக்கொள்ளலாம்.

பிறர் செய்தது முதலில். ரோமெரோ 1978இல் வெளியிட்ட 'டான் ஆஃப் த டெட்', பிட்ஸ்பர்க்கை அடுத்த மன்ரோவில் பேரங்காடியில் இரவுதோறும் கடைகள் அடைத்த பின் எடுக்கப்பட்டது. கிறிஸ்துமஸ் அலங்காரங்களுக்காகப் படப்பிடிப்பை நிறுத்திவைக்கவும் நேர்ந்தது. உயிரோடிருந்தபோது வந்து பழகிய இடமாதலின் செத்த பின்னும் பிணங்கள் அங்காடியையே நாடிவருகின்றன. மெல்லிசை ஒலிக்க, நகரும் படிக்கட்டில் தடுமாறும் அக்கூட்டத்தைக் காணும்போது சிரிப்பு வருகிறது. பிறகு வெட்கம் வருகிறது. ஜேம்ஸ் கன் எழுத, ஜாக் ஸ்னைடர் தம் முதல் படமாக 2004இல் இதை மறுஆக்கம் செய்தார். அதில் பிணங்கள் ஓடுகின்றன. முதல் பத்து நிமிடங்களின் வேகம் மறுக்கவொண்ணாதது. ஆனால் ஓடும் பிணத்தைப் பார்த்துத் தப்ப நினைக்கலாமேயன்றி, அதன் முகத்தில் தன் முகத்தைக் காண நேரமில்லை. அங்காடியும் அங்கே வெறும் கோட்டையாகிவிடுகிறது. செத்த உடல் ஓடினால் கணுக்கால் முறிந்துவிடும் என்பது ரோமெரோவின் கேலி. 2007இல் வந்த 'டைரி ஆஃப் த டெட்' படத்தில் ஒரு பாத்திரத்தின் வாயிலாகவே அதைச் சொல்லியும்விட்டார். ஸ்னைடர் விரித்ததாகத் தோன்றினாலும் உண்மையில் தொகுத்தார். தொகுக்கையில் நகை உதிர்ந்துபோயிற்று.

இனி, தாமே செய்தது. தம் நூலுக்குத் தாமே வழிநூல் செய்வதை இலக்கண நூலார் தனி வகையாகப் பெயரிடவில்லை. 1990இல் ரோமெரோ 1968ஆம் ஆண்டுப் படத்தின் திரைக்கதையைப் புதிதாக எழுதினார். இயக்கியவர் டாம் சவினி. மூலப்படத்திற்கே ஒப்பனை செய்ய வேண்டியிருந்து, படை ஒளிப்படக்காரராக வியட்நாம் சென்றுவிட்டவர் அவர். மூலத்தால் உரிய வருவாய் பெறாதவர்கள் புதுப்படத்தின் வழியாகவேனும் தங்கள் உரிமையை நிலைநாட்ட விரும்பினர் என்பது வெளிப்படையான செய்தி. ஆயினும் வழக்கும் வருவாயும் மட்டும் நோக்கமாயிருந்தால் பழைய வரிகளைப் படியெடுத்தே முடித்திருக்கலாம். ரோமெரோ அப்படிச் செய்யவில்லை.

மூலப்படத்தின் பெருங்குறை பார்ப்ரா. அண்ணன் மாண்ட பின் அவள் பேச்சிழந்து நாற்காலியில் கிடக்கிறாள். ஆண்கள் வாதிடுகின்றனர், அவள் திரைச்சீலையை வெறிக்கிறாள். பெண் என்றால் அலற வேண்டும், மயங்க வேண்டும் என்னும் வழக்கை ரோமெரோ ஐயமின்றி ஏற்றிருந்த காலம் அது. 1978 படத்தில் பிரான் வேடமேற்ற கெய்லன் ராஸ் அலறி நடிக்க மறுத்துவிட்டார். ரோமெரோ அதை ஏற்றார். அப்படத்தில் தனக்கும் துப்பாக்கி வேண்டுமென்று கேட்டு, ஹெலிகாப்டர் ஓட்டவும் கற்று, முடிவில் அதில் தப்பிச்செல்பவள் பிரானே. 1985இல் வந்த 'டே ஆஃப் த டெட்' படத்தின் நடுநாயகம் சாரா என்னும் பெண் அறிவியலார். ஒரு நடிகையின் மறுப்பு ஒரு படைப்பாளிக்குப் பன்னிரண்டு ஆண்டுப் பாடமாயிற்று. 1990ஆம் ஆண்டின் பார்பரா, பாட்ரீசியா டால்மன் நடிப்பில், முதல் அரைமணி நேரத்திலேயே அச்சத்தைக் கடந்துவிடுகிறாள். பண்ணைவீட்டில் கிடைத்த காற்சட்டையையும் காலணியையும் அணிந்துகொண்டு, அவை மிக மெதுவாக நடக்கின்றன, ஓடக்கூட வேண்டாம், நடந்தே அவற்றைக் கடந்துவிடலாம் என்கிறாள். மேலா கீழா என்று சண்டையிடும் ஆண்கள் எவரும் அச்சொல்லைக் காதில் வாங்குவதில்லை. முடிவில் அவள் நடந்தே போகிறாள், உயிர் பிழைக்கிறாள். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த வீட்டின் கதவு திறந்தேயிருந்தது என்று தம் பழைய படத்திற்கே ரோமெரோ உணர்த்துவது போன்ற இடம் இது. ஒரு கவிஞர் தம் பழைய கவிதையில் ஒரு சொல்லை மாற்ற, கவிதை முழுவதும் திரும்பி நின்றாற் போன்றது.

ஆனால் பார்பராவைப் பெற்ற படம் பென்னை இழந்தது. டோனி டாட் மிக நல்ல நடிகர், அவர்மேல் குறையில்லை. இப்புதிய படத்தில் பென் கூப்பருடன் நேர்ந்த துப்பாக்கிச் சண்டையில் காயமுற்று நிலவறைக்குள் இறங்குகிறான். இரவு முழுவதும் எல்லோரும் தேடிய பெட்ரோல் பம்பின் சாவி அங்கேயே தொங்குவதைக் கண்டு சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு உடலை நடுக்கும். அங்கேயே சாகிறான், காலையில் கதவைத் திறக்கையில் பிணமாக எழுந்து நிற்கிறான், சுடப்படுகிறான். இம்முறை சுட்டவர்கள் தவறிழைக்கவில்லை. பென் உண்மையிலேயே பிணம். உயிருள்ள ஒருவனைப் பிணமென்று கண்ட கண்களின்மேல் மூலப்படம் சாற்றிய குற்றம் இங்கே தள்ளுபடியாகிறது. அதற்கு ஈடாக, பிடிபட்ட பிணங்களை மரத்தில் தொங்கவிட்டு ஊரார் விளையாடுவதையும், பார்பரா அதைக் கண்டு வெறுப்புறுவதையும் காட்டுகின்றனர். வலிமையான காட்சிதான், ஆனால் விளக்கிச் சொல்லும் காட்சி. 1968இல் விளக்கம் இல்லை. விறகுக் குவியல் மட்டுமே இருந்தது.

தாம் அறிந்து செய்த பிழையை ரோமெரோவால் திருத்த முடிந்தது. தாம் முழுதும் அறியாமல் கிடைத்த பேற்றை அவரால் மீண்டும் எழுத முடியவில்லை. பார்ப்ராவைத் திருத்தும்போது அவளைப் படைத்தவர் உயிரோடு எழுதுமேசையில் இருந்தார். பென்னைப் படைத்தவர் இருவர். பேச்சைத் திருத்தி, அறையும் காட்சிக்கு எச்சரித்து, சாவை மாற்ற வேண்டாமென்று நின்ற டுவேன் ஜோன்ஸ், புதிய படம் வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1988 சூலையில் மறைந்துவிட்டார்.