கால்வலியும் மனவலியும்



ஏத்தத்துல கொஞ்சதூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகி வலிக்கும். நின்றால் சில நிமிடத்தில் விட்டுப்போகும். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் கொழுப்புப் படிந்து அடைபடுவதால் வருவது இது. பீடி, சுருட்டு குடிப்பவர்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் அதிகம்.

வெளியே பார்த்தால் காலில் ஒண்ணும் தெரியாது. அதனால்தான் "வேலைக்கள்ளன்" என்ற பேச்சு வருகிறது. அந்த மனுசன் என்ன செய்வார்? பெரட்டுக்குப் போகமாட்டார், திருவிழாவுக்கும் வரமாட்டார், லயத்துக்குள்ளேயே முடங்கிவிடுவார். காலை எடுத்துருவாங்களோ என்ற பயத்தில் தூக்கமும் போய்விடும். மனசு சோர்ந்தால் இன்னொரு பீடி, மருந்தும் மறந்துபோகும். நடையும் நின்றுவிட்டால் இன்னும் கிட்டத்திலேயே வலி பிடிக்கும்.

இந்த நோய்க்கு நடையும் ஒரு மருந்து. வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு, வலிக்கும்வரை நடங்க, நில்லுங்க, மறுபடி நடங்க. வாரத்தில் 3 நாளாவது, அரைமணி நேரம். வீட்டில் ஒருத்தர் கூடப் போனால் பாதி பயம் போகும். நடக்கும்போது மட்டும் வலிக்கிறவர்களில் பெரும்பாலோருக்குக் காலை எடுக்கவேண்டி வருவதில்லை, இதை அவரிடம் சொல்லுங்கள். ஆனால் படுத்திருக்கும்போதே பாதம் வலித்தால், புண் ஆறாவிட்டால், விரல் கறுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

கிளினிக்கில் காலைக் காட்டும்போது, "தூக்கமில்லை ஐயா, மனசும் சரியில்லை" என்று அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கும் வைத்தியம் இருக்கிறது.