பாம்பை அறிதல், உயிரைக் காத்தல்



நெல்லியாம்பதி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள கொல்லங்கோடு, வயல்கள் சூழ்ந்த ஊர். நெல் விளையும் இடத்தில் எலி பெருகும். எலியைத் தேடிப் பாம்பு வரும். தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் இந்த எல்லைப் பகுதியில் ஒரே பாம்புக்கு இரு பெயர்கள் உண்டு. ஒரு வீட்டில் நல்ல பாம்பு எனப்படுவது அடுத்த வீட்டில் மூர்க்கன். கண்ணாடி விரியன் அங்கு அணலி. பெயர் வேறாயினும் அச்சம் ஒன்றே.

இந்த அச்சம் காரணமற்றது அன்று. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 12 இலட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. இறந்தோரில் பெரும்பாலோர் கிராம மக்கள். ஆயினும் அச்சம் மட்டுமே எவரையும் காப்பதில்லை. கோலெடுத்து அடிக்க நெருங்குபவரே பல வேளைகளில் கடிபடுகிறார்.

பயிற்சி பெற்ற தொண்டர்கள்

இதனை உணர்ந்த கேரள வனத்துறை, பாம்பு பிடிக்க முன்வரும் தொண்டர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் வழங்கும் முறையை 2020-ஆம் ஆண்டில் தொடங்கியது. 'சர்ப்ப' என்னும் கைபேசிச் செயலியின் வாயிலாக மக்கள் அருகிலுள்ள தொண்டரை அழைக்கலாம். தொண்டர் பாம்பை வெறுங்கையால் தொடுவதில்லை, வித்தை காட்டுவதுமில்லை. கொக்கியால் அதனைத் திருப்பி, குழாயின் வழியே பைக்குள் செலுத்தி, உரிய இடத்தில் விடுகிறார். பாம்பு சென்ற பின்னர், அது வந்ததன் காரணத்தை வீட்டாருக்கு எடுத்துரைக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கிறது. இதுவே அவரது பணியின் சிறந்த பகுதி.

அறிந்திருக்க வேண்டியவை

கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் உறங்குவோரைக் கடித்தால் வலியோ வீக்கமோ பெரும்பாலும் தோன்றுவதில்லை. வயிற்றுவலி, கண்ணிமை சரிதல் ஆகியவை தோன்றும்போது பொழுது கடந்திருக்கும். கண்ணாடி விரியனின் நஞ்சு இரத்தம் உறைவதைக் கெடுத்துச் சிறுநீரகத்தையும் தாக்கும்.

கடிபட்டவரின் உறுப்பை இறுகக் கட்டுவதும், கடிவாயைக் கீறுவதும், உறிஞ்சுவதும் தீங்கானவை. அவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், விரைந்து மருத்துவமனை சேர்ப்பதே முறை. பாம்பைத் தேடிப் பிடித்துச் செல்ல வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே விஷமுறிவு மருந்து பயன்படுகிறது. மலைத்தோட்டங்களில் காணப்படும் மூக்குக்குழி விரியனுக்கு அம்மருந்து பயன் தருவதில்லை. எனினும் அதன் கடிக்கும் மருத்துவமனைக் கவனிப்பு இன்றியமையாதது.

பாம்பிலிருந்தே மருந்து

அந்த மருந்துக்கு மூலப்பொருள் பாம்பின் நஞ்சே. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின்னர், பாம்புத்தோல் வணிகத்தை நம்பியிருந்த இருளர் மக்கள் பிழைப்பிழந்தனர். அவர்களுக்காகச் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978-ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பாம்பைப் பிடித்து, நஞ்சு எடுத்து, மீண்டும் காட்டில் விடுவது அதன் தொழில். இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது, ஏட்டில் எழுதப்படாத அறிவுக்குக் கிடைத்த மதிப்பாகும்.

பாம்புக்கடி மரணங்களை 2030-க்குள் பாதியாகக் குறைக்கும் நோக்குடன் மத்திய அரசு 2024-இல் தேசியச் செயல் திட்டத்தை வெளியிட்டது. அதன் வெற்றி மருத்துவமனையில் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. இரவில் கைவிளக்கு, வயலில் காலணி, உறங்கக் கட்டிலும் கொசுவலையும், வீட்டைவிட்டு விலகி அமைந்த வைக்கோற்போர் ஆகியவை பெருஞ்செலவு கேட்பவையல்ல. இவற்றைக் கைக்கொள்ளும் குடும்பத்தில் உழைப்பவரின் உயிரும் காக்கப்படும். எலியைத் தின்று விளைச்சலைக் காக்கும் சாரைப் பாம்பும் அடிபடாமல் பிழைக்கும்.