வாய் திறவாத பிள்ளைகள்
(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



கூலி உயர்வைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம். இன்று நம் பிள்ளைகளின் வாயைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்காதீர்கள், விஷயம் பெரியது.

ஒன்பதாம் வகுப்புப் பையன். எந்த மடையைத் திறந்தால் எந்த வயலுக்குத் தண்ணீர் பாயும் என்று வீட்டில் விலாவாரியாகச் சொல்லுகிறான். அதையே வகுப்பில் எழுந்து சொல் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எழுதச் சொன்னால் இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. உடனே 'மக்கு' என்று பட்டம்! அறிவில்லாதவனா மடையைப் பற்றிச் சொன்னான்? வீட்டிலே 'மழ பேஞ்சுது' என்கிறோம். ஏட்டிலே 'மழை பெய்தது' என்றிருக்கிறது. நடுவே பாலம் போட வசதியுள்ள வீட்டில் டியூஷன் வாத்தியார் இருக்கிறார். நம் பிள்ளைக்கு யார்? பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்பே புத்தகத்தை மூட்டை கட்டிவிட்டு, நம்மோடு வேலைக்கு வந்துவிடுகிறான்.

இதே கதை இத்தாலி தேசத்திலும் நடந்தது. பிளாரென்ஸ் நகருக்கு வடகிழக்கே மலைமேல் பார்பியானா என்றொரு குக்கிராமம். 1954-ல் லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் அங்கே அனுப்பப்பட்டார். (பாதிரியார்தான், நல்லது செய்தால் சொல்ல வேண்டியதுதானே!) பள்ளியில் பெயிலாக்கித் தள்ளிய குடியானவர் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொன்னார். வருஷம் பூராவும் லீவே கிடையாது. பெரியவன் சிறியவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். 1967-ல் எட்டு மாணவர்கள் கூடி, ஏழைப் பிள்ளைகளை வடிகட்டும் பள்ளியைக் கண்டித்து, ஓர் ஆசிரியைக்குக் கடிதமாக ஒரு புத்தகமே எழுதிவிட்டார்கள்.

எப்படி எழுதினார்கள்? அதுதான் நமக்கு வேண்டியது. ஒரு துண்டுக் காகிதத்துக்கு ஒரே கருத்து. எல்லாத் துண்டுகளையும் மேஜைமேல் பரப்பினார்கள். இரண்டு தடவை வந்ததைக் கழித்தார்கள். இனம் இனமாக அடுக்கிக் கோவையாக்கினார்கள். வீண் சொல்லை வெட்டினார்கள்; பேச்சில் வராத சொல்லையும் வெட்டினார்கள். பிறகு வெளியாட்களைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொன்னார்கள். அதுவும் அதிகம் படிக்காதவர்களாகப் பார்த்து! அவர்களுக்குப் புரிகிறதா என்று கவனித்தார்கள்.

'நாலாம் கிளாஸோடு நின்றவன், நான் என்னத்தைச் சொல்லிக்கொடுக்க' என்று ஒதுங்குகிறீர்களே, அங்கே உங்களைப் போன்றவரைத்தான் தேடியிருக்கிறார்கள்!

ஆகவே, வேலை முடிந்து வந்ததும் கால்மணி நேரம் பிள்ளையைப் பேச விடுங்கள். குறுக்கே பாயாதீர்கள். 'பேஞ்சுது' என்றால் திருத்தாதீர்கள், சொல்லி முடிக்கட்டும். சொன்னதை அப்படியே எழுதட்டும். ஏட்டுத் தமிழாக்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வாத்தியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஒரே வகுப்பில் அத்தனை பேரை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? கூடுதல் வாத்தியார் கேட்டு நாம் மோத வேண்டியது சர்க்காரோடு.

வரும் ஞாயிறு காலை சங்க ஆபீசுக்குப் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். காகிதம், பென்சில் சங்கம் தரும். தெருவிளக்கு எரியாததைப் பற்றிப் பஞ்சாயத்து ஆபீசுக்கு எழுதுவோம் என்று பிள்ளைகளே முடிவு செய்திருக்கிறார்கள். எழுதி முடித்துப் படித்துக் காட்டுவார்கள். எந்த இடம் புரியவில்லை என்று சொல்ல நீங்களும் இருக்க வேண்டும்.