சாய்வு சொல்லும் செய்தி
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கணக்குப் பாடமா என்று சிலர் எண்ணக்கூடும். இருபத்தைந்து ஆண்டுகளில் நாம் எவ்வளவு உயர்ந்தோம் என்று அளந்து பார்க்கத்தானே விழா எடுக்கின்றோம்! அதற்குரிய அளவுகோல் பத்தாம் வகுப்புக் கணக்கு நூலிலேயே இருக்கின்றது. அதன் பெயர் சாய்வு.

இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை 1856ஆம் ஆண்டு தென்னாட்டின் முதல் பயணியர் இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. அது நம் அம்பத்தூர், ஆவடி வழியாகவே சென்றது. இருப்புப்பாதை ஓரங்களில் கை நீட்டிய சிறு கம்பங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அக்கையில் 200 என்று எழுதியிருந்தால், 200 மீட்டர் தொலைவு சென்றால் பாதை ஒரு மீட்டர் ஏறுகின்றது அல்லது இறங்குகின்றது என்பது பொருள். இந்த ஏற்றம் நம் கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் சுமை இழுக்கும் எஞ்சின் அதனை நன்கு உணரும். பள்ளி வாயிலில் சக்கர நாற்காலிக்கென அமைக்கும் சாய்தளத்திற்கு விதித்த அளவு 12க்கு 1. இரண்டும் சாய்வுகளே; ஒன்று மெல்லியது, மற்றொன்று அதனினும் செங்குத்தானது.

இதனைக் கணக்கில் காணும் முறை எளிது. கோட்டின்மேல் இரண்டு புள்ளிகளைத் தேர்ந்துகொள்க. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மேல்நோக்கி எவ்வளவு மாறியது என்று காண்க. பக்கவாட்டில் எவ்வளவு நகர்ந்தது என்று காண்க. முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிடைப்பதே சாய்வு. மாணவர் பெரும்பாலும் தவறுவது ஓரிடத்தில்தான்: மேலே இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்துவிட்டு, கீழே முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிப்பர். உடனே ஏற்றம் இறக்கமாகிவிடும்! வரிசை மாறலாகாது. விடை மிகை எண்ணானால் கோடு ஏறுகின்றது. குறை எண்ணானால் இறங்குகின்றது. சுழியமானால் கிடையாகக் கிடக்கின்றது. செங்குத்துக் கோட்டிற்கோ பக்கவாட்டு நகர்வே இல்லை. சுழியத்தால் வகுத்தல் இயலாதாகையால் அதன் சாய்வு வரையறுக்கப்படவில்லை.

இனி, இதன் பொருளைப் பார்ப்போம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தையார் நம் அறைக்கு வந்தார். "ஐயா, பையனுக்குக் கணக்கு வரவில்லை. அம்பத்தூரில் ஒரு பட்டறையில் சேர்த்துவிடலாமென்று இருக்கிறேன்" என்றார். மதிப்பெண் பதிவேட்டைப் புரட்டினோம். மூன்று தேர்வுகளில் அம்மாணவன் பெற்றவை 18, 27, 36. வரைபடத் தாளில் மூன்று புள்ளிகளையும் இட்டுக் காட்டினோம். ஒரு தேர்வுக்கு 9 மதிப்பெண் வீதம் ஏறும் கோடு அது. அதே வகுப்பில் 72, 70, 68 என்று பெற்ற மாணவனும் இருந்தான். அவன் உயரத்தில் நின்றான்; ஆனால் அவன் கோடு தேர்வுக்கு 2 வீதம் இறங்கிக்கொண்டிருந்தது. "உங்கள் மகன் நிற்கும் இடத்தை மட்டும் பார்க்காதீர்கள், அவன் போகும் திசையையும் பாருங்கள்" என்றோம். தந்தையார் மகனைத் திரும்ப அழைத்துச் சென்றார், பட்டறைக்கன்று, வகுப்புக்கு. அடுத்த தேர்வில் கோட்டின்படி 45 வரவேண்டும், 41 வந்தது. கோடு கொடுப்பது மதிப்பீடே, உறுதிமொழி அன்று. எனினும் அம்மாணவன் தேர்ச்சி பெற்றான்.

ஒரு மாணவனுக்குப் பொருந்துவது ஒரு சமுதாயத்திற்கும் பொருந்தும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ள ஆதிதிராவிடர் உள்ளிட்ட பட்டியல் சாதியினருள் எழுத்தறிவு பெற்றோர் 1991இல் 46.7 விழுக்காடு, 2001இல் 63.2, 2011இல் 73.3. மாநிலத்தின் மொத்த மக்களுக்கோ அதே ஆண்டுகளில் 62.7, 73.5, 80.1. முதற் பத்தாண்டில் நம் கோட்டின் சாய்வு ஆண்டுக்கு 1.65, மாநிலக் கோட்டின் சாய்வு 1.08. அடுத்த பத்தாண்டில் நமது 1.01, மாநிலத்தினது 0.66. ஆகவே இரு கோடுகளுக்கும் இடையே இருந்த தொலைவு 16.0இலிருந்து 10.3ஆகி, பின்னர் 6.8ஆகக் குறைந்தது.

இங்கேதான் ஒரு பெரிய உண்மை விளங்குகின்றது. இரு கோடுகளின் சாய்வு சமமாயின் அவை இணைகோடுகள். எவ்வளவு தொலைவு நீட்டினாலும் அவை சந்திப்பதில்லை. "எல்லாருக்கும் ஒரே அளவு கொடுத்தால் போதாதா? உங்களுக்கு மட்டும் தனி விடுதியும் உதவித்தொகையும் ஏன்?" என்று நம் இளைஞர்களிடம் கேட்போர் உளர். அவர்களுக்குச் சினமின்றிச் சொல்லத்தக்க விடை இதுவே. கீழே தொடங்க வைக்கப்பட்டவன் மேலே தொடங்கியவனுக்குச் சமமான வேகத்தில் ஏறினால், இடைவெளி என்றும் அப்படியே நிற்கும். தொடக்கப் புள்ளியை நாம் தேர்ந்துகொள்ளவில்லை. நூற்றாண்டுகளாகக் கல்வி மறுத்த சமூகம் அதனைக் குறித்தது. சாய்வை மாற்றலாம். 1944இல் தொடங்கிய பள்ளியிறுதிக்குப் பிந்திய உதவித்தொகையும், 1956இல் காமராசர் ஆட்சியில் விரிந்த மதிய உணவும், 1982இல் வந்த சத்துணவும், மாணவர் விடுதிகளும், கூலி வேலை செய்துகொண்டே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய நம் தாய்மாரின் உறுதியும் சேர்ந்தே அக்கோட்டை நிமிர்த்தின.

ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. நம் சாய்வு 1.65இலிருந்து 1.01ஆகத் தணிந்ததற்குச் சோர்வே காரணம் என்று முடிவு செய்துவிடலாகாது. நூறு விழுக்காட்டை நெருங்க நெருங்க ஏறுவதற்கு இடம் குறையும். மாநிலக் கோடும் அவ்வாறே தணிந்தது. 2011க்குப் பின் கோட்டை நீட்டினால் 2030ஐ ஒட்டி இரண்டும் சந்திக்கும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் 2021இல் நடந்திருக்கவேண்டிய கணக்கெடுப்பு அவ்வாண்டு நடைபெறவில்லை. புள்ளியில்லாத இடத்தில் கோட்டை நம்பி உறங்குதல் தகாது.

மற்றொன்று, ஒரு கோட்டிற்குள் பல கோடுகள் மறைந்திருக்கும். 2001இல் நம் ஆடவருள் எழுத்தறிவு 73.4, பெண்டிருள் 53.0. 2011இல் ஆடவர் 80.9, பெண்டிர் 65.6. பெண்களின் சாய்வு 1.26, ஆண்களுடையது 0.75. விரைந்து ஏறுவோர் நம் பெண்மக்களே. இன்னும் கீழே நிற்போரும் அவர்களே. அவர்களின் படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தும் ஒவ்வொரு வீடும் நம் கோட்டைத் தன் கையால் சாய்க்கின்றது.

இளைஞர்களே! எழுத்தறிவு முதற்படியே. மேல்நிலைத் தேர்வு எழுதியோர், கல்லூரி புகுந்தோர், பட்டம் பெற்று வெளிவந்தோர் என்று நம் தெருவுக்குத் தெரு கணக்கெடுங்கள். ஆண்டுக்கு ஒரு புள்ளி வீதம் கழகத்தின் மாலைப் படிப்பகச் சுவரில் குறியுங்கள். ஆண்டுதோறும் சாய்வைக் கண்டறியுங்கள். கோடு தாழும் ஆண்டில், எந்த வீட்டுப் பிள்ளை நின்றது என்று கேட்டு அவ்வீட்டு வாயிலுக்குச் செல்லுங்கள். பொன்விழா காண்போர் அச்சுவரைப் பார்த்தாலே இக்கழகம் செய்த பணியை அறிந்துகொள்வர்.