கடைசி ஏட்டிலிருந்து படித்தவர்



சுவடியியல் மாநாட்டில் தலைமை உரை என்றால் துறையின் வரலாற்றை உ.வே.சா.விலிருந்து தொடங்கி ஒரு சுற்று சுற்றிவருவது நம் மரபு. அதை இன்று விட்டுவிடுகிறேன். உங்களைவிட நன்றாக அதைச் சொல்ல எனக்குத் தெரியாது. ஒரே ஒருவரைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பெயர் சிரார்ப்பி தேர் நெர்செஸ்ஸியான். இடைக்கால ஆர்மீனிய ஓவியச் சுவடிகளே அவருடைய வாழ்நாள் வேலை. ஏன் அவர் என்பதற்குக் காரணம், உங்கள் கையிலிருக்கும் நிகழ்ச்சி நிரல்தான். அந்தக் கணக்கைக் கடைசியில் தீர்த்துக்கொள்கிறேன்.

1896இல் கான்ஸ்டான்டிநோபிளில் பிறந்தவர். தாய்மாமன் மகாக்கியா ஓர்மானியன் அந்நகர ஆர்மீனியத் திருச்சபையின் தலைவர், வரலாற்றாசிரியரும்கூட. புத்தகம் நிறைந்த குடும்பம். சின்ன வயதிலேயே தாய் போனார், பிறகு தந்தையும். 1915 பிறந்தது. ஆர்மீனியர்களைக் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டு ஓட்டிக் கொன்ற ஆண்டு அது. அக்காவும் தங்கையுமாக இருவரும் வெளியேறி ஜெனீவா போய்ச் சேர்ந்தார்கள்.

அதே ஆண்டில் இன்னும் இரண்டு பெண்களைப் பற்றி ஆர்மீனியர்கள் ஒரு கதை சொல்வார்கள். மூஷ் நகரத்து மடத்தில் 1200ஆம் ஆண்டையொட்டி எழுதிய ஒரு பெரிய உரைத்தொகுப்பு இருந்தது. தோலில் எழுதியது, எடை ஏறத்தாழ 28 கிலோ. பாழாகிக் கிடந்த மடத்தில் அதைக் கண்ட இரண்டு பெண்கள், ஒருவரால் தூக்க முடியாது என்று நூலை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பாதியாகச் சுமந்தார்களாம். ஒரு பாதி ஒருத்தியோடு கரை சேர்ந்தது. மற்றவள் வழியிலேயே இறந்தாள். அவள் புதைத்துவைத்த பாதி பிறகு கிடைத்தது. இன்று இரண்டும் யெரெவான் நகரின் மடெனடாரன் சுவடிக் காப்பகத்தில் ஒன்றாக இருக்கின்றன. சுவடியை ஓர் ஆளாகவே நினைக்கிற மக்கள் அவர்கள். எதிரி கொள்ளையடித்தால் 'சிறைப்பட்டது' என்பார்கள்; பணம் கொடுத்து வாங்கினால் 'மீட்டோம்' என்று அந்தச் சுவடியிலேயே எழுதிவைப்பார்கள்.

1919இல் சகோதரிகள் பாரிஸுக்கு வந்தார்கள். சிரார்ப்பிக்கு வாய்த்த ஆசிரியர்கள் பைசாந்திய, இடைக்காலக் கலை ஆய்வின் பெரிய தலைகள்: ஷார்ல் தீல், காப்ரியேல் மியே, ஆன்றி ஃபோசியோன். பிரான்ஸில் முனைவர் பட்டத்துக்கு அப்போது இரண்டு ஆய்வேடுகள் கொடுக்க வேண்டும். அவர் கொடுத்த முதல் ஆய்வேட்டின் பொருள் நமக்கு ரொம்ப நெருக்கமானது. 'பர்லாம் – யோவசாஃப்' என்ற கதைக்கு வரையப்பட்ட ஓவியங்கள் பற்றியது அது. அரசகுமாரன் ஒருவன் அரண்மனையை விட்டு வெளியே வருகிறான், நோயாளியைப் பார்க்கிறான், கிழவனைப் பார்க்கிறான், துறவு கொள்கிறான். யார் கதை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போதிசத்துவர் என்ற சொல் அரபியில் பூதாசஃப் ஆகி, ஜார்ஜிய மொழி வழியாகக் கிரேக்கத்துக்குப் போய் யோவசாஃப் ஆனது. ஐரோப்பா பல நூற்றாண்டு காலம் புத்தரைக் கிறிஸ்தவப் புனிதராக வணங்கிவந்தது. இந்தக் கதையின் ஓவியச் சுவடிகளில் ஒன்று கிரேக்க நாட்டு ஆதோஸ் மலையின் இவிரோன் மடத்தில் இருக்கிறது. அந்த மலையில் பெண்களுக்கு அனுமதி கிடையாது, இன்றுவரை. ஆகவே அதை அவர் ஒளிப்படங்களில்தான் பார்த்திருக்க முடியும். வாசலில் நிறுத்தப்பட்ட ஒருவர் உள்ளே இருக்கும் ஏட்டைப் பற்றித் தரமான நூல் எழுதினார்!

இரண்டாவது ஆய்வேடு, வெனிஸுக்குப் பக்கத்தில் சான் லாசரோ தீவில் மெகிதாரிஸ்ட் என்ற ஆர்மீனியத் துறவிகள் 1717 முதல் நடத்திவரும் மடத்தின் ஆர்மீனிய ஓவியச் சுவடிகளைப் பற்றியது. என்னைக் கேட்டால், அவருடைய உண்மையான தொழில் இங்கேதான் தொடங்குகிறது.

அக்காலத்தில் ஆர்மீனிய ஓவியத்தைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு கேள்விதான்: இது பைசாந்தியத்தின் நகலா, கிழக்கிலிருந்து வந்ததா? இரண்டு கட்சிகள், காரசாரமான சண்டை. தேர் நெர்செஸ்ஸியான் அந்தச் சண்டையில் குரல் உயர்த்தவில்லை. சுவடியை எடுத்தார், கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

ஆர்மீனியச் சுவடியின் முடிவில் எழுதியவர் குறிப்பு ஒன்று இருக்கும். அவர்கள் மொழியில் அதற்கு 'நினைவுக் குறிப்பு' என்று பொருள்படும் பெயர். நம் ஏடுகளிலும் உண்டே: இன்னார் ஏட்டைப் பார்த்து இன்னார் எழுதினது, இன்ன மாதம் இன்ன தேதி, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். அவர்களுடையது சில சமயம் பக்கக் கணக்கில் நீளும். யார் எழுதியது, யார் வண்ணமிட்டது, காசு கொடுத்தவர் யார், எந்த அரசன், எந்தக் குரு, வெளியே என்ன போர் என்றெல்லாம் வரும். ஆண்டுக் கணக்கிலும் நம்மைவிட அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எழுத்தையே எண்ணாக எழுதி 711 என்று போட்டிருப்பார்கள்; 551ஐக் கூட்டினால் 1262. நம் எழுத்தர் 'பிங்கள வருஷம் தை மாதம்' என்று முடித்துவிடுவார். எந்தப் பிங்கள என்று அறுபது அறுபதாகப் பின்னால் எண்ணிக்கொண்டு போகிற பாடு உங்களுக்குத் தெரியும்.

அந்த 1262 சும்மா சொன்ன ஆண்டு அல்ல. யூப்ரட்டீஸ் கரையில் ஹ்ரோம்க்லா என்ற கோட்டை. ஆர்மீனியத் திருச்சபையின் தலைமைக் குருவான கத்தோலிக்கோஸ் அங்கேதான் இருந்தார். அந்தக் கோட்டையின் ஏடெழுதும் கூடத்தில் தோரோஸ் ரோஸ்லின் என்ற ஓவியர் இருந்தார். அவர் கையெழுத்துள்ள சுவடிகள் ஏழு, 1256க்கும் 1268க்கும் இடைப்பட்டவை; அவற்றில் ஒன்றுதான் அந்த 1262ஆம் ஆண்டுச் சுவடி. அவர் பிறந்த ஊரும் தெரியாது, இறந்த ஆண்டும் தெரியாது. ஆனால் குறிப்புகளைப் படித்தால் ஆள் எழுந்து வருகிறார். ஆன்டன் என்று உடன்பிறந்தவர் ஒருவர் உண்டு. பெற்றோருக்கும், ஆசிரியர்களுக்கும், பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பிரார்த்திக்கச் சொல்கிறார். பிள்ளைகள் என்ற ஒரு சொல் போதும், இவர் மடத்துத் துறவி அல்லர். 1268ஆம் ஆண்டு ஏட்டின் முடிவில், அந்தியோக்கியா நகரம் எகிப்து மன்னனிடம் வீழ்ந்து கோயில்கள் எரிந்த செய்தியை எழுதுகிறார். அதே ஏட்டின் உள்ளே தங்க ரேக்கு மின்னுகிறது, பறவைகள் இரண்டிரண்டாக வளைவுகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. படத்தை மட்டும் பார்த்தால் உலகத்தில் எல்லாம் நன்றாக இருக்கிறது. கடைசிப் பக்கம் வேறு சொல்கிறது.

இப்படி ஆண்டும் ஊரும் உறுதியான சுவடிகளைத் தூணாக நட்டுக்கொண்டு, அவற்றுக்கிடையே பெயரில்லாத சுவடிகளை ஒவ்வொன்றாகக் கட்டினார். இது ரோஸ்லின் கை, இது உடனிருந்து வேலை செய்தவர் கை, இது அந்தப் பாணியைப் பின்னால் பார்த்து வரைந்தது. பைசாந்தியத்திடமிருந்து எடுத்தது எது, சிலுவைப் போராளிகள் வழியாக வந்தது எது, உள்ளூரில் தோன்றியது எது என்று பக்கம் பக்கமாகச் சொல்ல முடிந்தது. கட்சிச் சண்டை தானாக ஓய்ந்தது.

இதையெல்லாம் அவர் எந்த வடிவத்தில் எழுதினார் என்று பாருங்கள். டப்ளின் செஸ்டர் பீட்டி நூலகத்துக்கு 1958இல் ஒரு அட்டவணை. வாஷிங்டன் ஃப்ரீர் காட்சிக்கூடத்துக்கு 1963இல் ஒன்று. பால்டிமோர் வால்டர்ஸ் கூடத்துக்கு 1973இல் ஒன்று. நான் சொன்ன 1262ஆம் ஆண்டுச் சுவடி அந்த பால்டிமோரில்தான் இருக்கிறது. செபாஸ்தியா நகரில் இருந்து, ஊர் கலைந்தபின் கைமாறி, 1929இல் ஹென்றி வால்டர்ஸ் வாங்கியது. அட்டவணை! நம் பல்கலைக்கழகங்களில் அட்டவணை போடுகிறவருக்கு என்ன மரியாதை என்று உங்களுக்கே தெரியும். பதவி உயர்வு மதிப்பெண்ணில் அதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. அவரோ வெல்லெஸ்லி கல்லூரியில் 1930 முதல் கற்பித்துவிட்டு, 1946இல் பைசாந்திய ஆய்வுக்குப் பேர்போன டம்பார்டன் ஓக்ஸில் பேராசிரியரானவர். 1963இல் ஓய்வுபெற்றுப் பாரிஸ் திரும்பிய பிறகும் அட்டவணை வேலையை விடவில்லை.

குறை சொல்லாமல் புகழ்வது நம் வழக்கமில்லை, எனவே ஒன்று. அவருடைய நடை வறண்டது. அராரத் சமவெளியில் ஒருவகைப் பூச்சியிலிருந்து ஆர்மீனியர்கள் எடுத்த சிவப்பைப் பற்றி, பார்த்தவர் என்ற முறையில் இரண்டு வரி ஆசையோடு எழுதியிருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியதுண்டு. 'கீழ்வலது மூலையில் வண்ணம் உதிர்ந்துள்ளது' என்று எழுதுவார், அடுத்த பக்கத்துக்குப் போவார். ஆனால் அந்த மூலை உதிர்ந்திருந்ததை முப்பது ஆண்டு கழித்து யாராவது சரிபார்க்கலாம்.

என் கதை ஒன்று. இருபத்தாறு வயதில், ஓர் ஊரில் படம் போட்ட தாள் சுவடி ஒன்றைப் பார்க்க அனுமதி கிடைத்தது. கையில் ஒரே ஒரு பிலிம் சுருள், முப்பத்தாறு படம். முப்பத்தாறையும் ஓவியங்களுக்கே செலவழித்தேன். கடைசித் தாளில் ஏதோ கிறுக்கியிருந்தது, தேதி மாதிரி. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். ஆறு ஆண்டு கழித்துப் போனபோது அந்தத் தாளை மட்டும் பூச்சி தின்றிருந்தது. ஓவியங்கள் பற்றி நான் எழுதிய கட்டுரையில் 'காலம்: 18ஆம் நூற்றாண்டாக இருக்கலாம்' என்ற வரி இன்னும் இருக்கிறது. 'இருக்கலாம்' என்ற சொல் முழுக்க என் தவறு.

தேர் நெர்செஸ்ஸியான் 1989இல் பாரிஸில் காலமானார். கிலிக்கிய ஆர்மீனிய அரசின் ஓவியங்களைப் பற்றிய அவருடைய பெருநூல் முடியாமல் இருந்தது. சில்வியா அகேமியான் அதை முடிக்க, 1993இல் அது இரண்டு தொகுதிகளாக வந்தது. தேர் நெர்செஸ்ஸியான் தம் புத்தகங்களை மடெனடாரனுக்குக் கொடுத்துவிட்டார். மூஷ் சுவடியின் இரண்டு பாதிகளும் இருக்கிற அதே வளாகம்.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு செய்தி. சென்னையில் அரண்மனைக்காரன் தெரு என்று ஒன்று உண்டு. அங்கே அரண்மனை எதுவும் இருந்ததில்லை. ஆர்மீனியக்காரன்தான் நம் வாயில் அரண்மனைக்காரன் ஆனான். 1772இல் கட்டிய அவர்கள் கோயில் அங்கே நிற்கிறது. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794இல் இந்த ஊரில்தான் அச்சானது. நடத்தியவர் ஷ்மாவோனியான் என்ற குரு. கோயில் முற்றம் முழுக்கக் கல்லறைப் பலகைகள். எழுத்தையே எண்ணாக எழுதும் அந்த ஆண்டுக் கணக்கு சிலவற்றில் இருக்கிறதா என்று பாருங்கள். கூட்ட வேண்டியது 551.

இனி நிகழ்ச்சி நிரல். 'சுவடி அட்டவணைகள்: புதிய முயற்சிகள்' என்ற அமர்வை நாளை மாலை நான்கு மணிக்கு, பாதிப் பேர் ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிடும் நேரத்தில் போட்டிருக்கிறார்கள். அமைப்பாளர்கள் மன்னிக்க வேண்டும். தலைவருக்கு ஏதாவது அதிகாரம் உண்டென்றால் இதுதான்: அந்த அமர்வு இப்போதே நடக்கும். கட்டுரையாளர்கள் நான்கு பேரும் முன்வரிசைக்கு வாருங்கள். யார் கையில் கடைசி ஏட்டின் படம் இருக்கிறதோ, அவர் முதலில் பேசலாம்.