பெண்டிங் பிரபுவும் ஒரு தலைப்பாகையும்



காரியாபட்டிப் பக்கத்துக் கரிசல் நிலத்தில் உழவர் தலையில் உருமால் கட்டுவது வெயிலுக்காக மட்டுமன்று, மானத்துக்காகவும் ஆகும். கோயிலில் பரிவட்டம் கட்டுவதும், பெரியவர் முன் துண்டைத் தோளிலிருந்து எடுப்பதும் நம்மிடையே வாய் திறவாமற் பேசும் மொழிகள். இம்மொழியை அறியாமையால் சென்னைக் கவர்னர் பதவியையே இழந்த ஆங்கிலப் பிரபு ஒருவரைப் பற்றி இன்று சில சொல்ல விழைகிறேன்.

வில்லியம் பெண்டிங் 1774-ஆம் ஆண்டு பிறந்தார். மூன்றாம் வில்லியம் மன்னரோடு ஹாலந்திலிருந்து இங்கிலாந்து வந்த ஹான்ஸ் வில்லெம் என்பவரே அக்குடும்பத்தை அங்கு நிலைநாட்டியவர். தந்தை மூன்றாம் போர்ட்லாண்டு கோமகன், இருமுறை பிரதம மந்திரியாயிருந்தவர். தாயின் தந்தையாரான டெவன்ஷயர் கோமகனும் பிரதமராய் விளங்கியவரே. ஆயினும் பெண்டிங் இரண்டாம் மகன். அந்நாட்டுப் பிரபுகுல வழக்கப்படி பட்டமும் பண்ணையும் மூத்தவருக்கே உரியன. இளையவர் படையிலோ பதவியிலோ தம் வழியைத் தேடிக்கொள்ள வேண்டும். 1803-இல் மேரி அம்மையாரை மணந்த அவர், அவ்வாண்டிலேயே, முப்பது வயது நிரம்புமுன், சென்னைக் கவர்னராய் வந்திறங்கினார்.

1806-இல் தலைமைத் தளபதி கிரடாக், சிப்பாய்கள் நெற்றிக் குறியும் காதணியும் அணியலாகாது, புதுவகைத் தலைப்பாகையையே தரிக்க வேண்டும் என விதி செய்தார். கவர்னரும் அதற்கு இசைந்தார். வேலூரில் மறுத்த சிப்பாய் இருவருக்குத் தலைக்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. முணுமுணுப்பு வளர்ந்தும் உத்தரவு திரும்பப் பெறப்படவில்லை. ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டை வெடித்தது. அந்த ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளையரும் பல நூறு சிப்பாய்களும் மடிந்தனர்.

1807 மார்ச்சு இறுதியில் தந்தை இரண்டாம் முறை பிரதமரானார். அதே ஆண்டில்தான் கம்பெனியின் இயக்குநர்கள் மகனைப் பதவியிலிருந்து திரும்ப அழைத்தனர். பிரதமரின் மகன் என்ற பெருமை அவரைக் காக்கவில்லை. தமக்கு அநீதி நேர்ந்ததாகவே பெண்டிங் கருதினார். இயக்குநர்களுக்கு நீண்ட முறையீடும் எழுதினார்.

இருபத்தோர் ஆண்டுகள் கழிந்து, 1828-இல் அவரே கவர்னர் ஜெனரலாய்த் திரும்பினார். 1829-இல் உடன்கட்டையைத் தடுத்துச் சட்டம் செய்தார். 1835-இல், தாயகம் திரும்புமுன், இந்தியச் சிப்பாய்களுக்குக் கசையடித் தண்டனையை ஒழித்தார். வேலூரின் நினைவே இதனைச் செய்வித்தது என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால், 900 கசையடி விழுந்த நாட்டில் அதை நிறுத்திய கையெழுத்தும், அன்று கவர்னராயிருந்தவருடையதே.

மக்கட்பேறின்றி 1839-இல் அவர் பாரிசில் காலமானார். குலம் ஒருவனைப் பதவியில் ஏற்றலாம். எளியவன் தலைப்பாகையின் பொருளை அது கற்பிப்பதில்லை. அப்பாடத்துக்கு வேலூரில் விலை கொடுத்தவர்கள் பெயரறியாச் சிப்பாய்கள். பிரபுவின் வரலாற்றைப் படிக்கும்போது அவர்களையும் நினைப்பது நம் கடன்.