ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி வயலை நினைங்க!

(தஞ்சையில் மாணவர்களிடையே ஆற்றிய உரையிலிருந்து)



தாத்தா காலத்தில் மழைச் செய்தி வானொலியில் வந்தது. இன்றைக்கு அப்பா வயலில் நின்னுக்கிட்டு, "தம்பி, மழை வருமான்னு போன்ல பாரு"ன்னு உங்களைத்தான் கேட்கிறார். வீட்டுக்கு வானிலை நிலையமே நீங்கதான்.

அதனால்தான் சொல்றேன். "பெரிய புயல் வருது"ன்னு ஒரு பழைய வீடியோ வாட்ஸ்அப்பில் சுத்துது. பயந்துபோய், கதிர் முத்துறதுக்குள்ள சம்பாவை மெஷின் விட்டு அறுத்தா என்ன ஆகும்? ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினா கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டாங்க. வீடியோ போட்டவனுக்கு லைக். கடன் வாங்கி நட்டவங்களுக்கு நஷ்டம்!

மறுபக்கமும் இருக்கு. பொய்யைக் கேட்டுக் கேட்டு, உண்மையான எச்சரிக்கையையும் நம்பாமப் போறது. 2018 நவம்பர் 16 கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னைகள் சாய்ந்ததை மறக்க முடியுமா? தென்னையை நகர்த்த முடியாது. எச்சரிக்கையை நம்பினால் மனுஷங்க நகரலாம்.

2024இல் ஃபெங்கல் புயலின்போது, "கணிப்பை மாத்திக்கிட்டே இருக்காங்க"ன்னு மீம்ஸ் போட்டாங்க. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த அதே புயல், மயிலத்தில் 50 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. புதுத் தகவல் வந்தா கணிப்பைத் திருத்துவதுதான் அறிவியல். எதையும் திருத்தாத ஆளைச் சந்தேகப்படுங்க.

ஒரு மழையைக் காட்டி "இதுதான் காலநிலை மாற்றம்" என்பதும் தப்பு. ஒரு குளிர்ந்த மார்கழியைக் காட்டி "எல்லாம் கப்சா" என்பதும் தப்பு. ஒரு நாள் கணக்கு வானிலை. முப்பது வருஷக் கணக்கு காலநிலை.

நீங்க செய்ய வேண்டியது மூன்று. ரெட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பல கை மாறி வந்தது, நிறுத்திப் படிங்க. தேதியைப் பாருங்க. வானிலை ஆய்வு மையம் என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டு அனுப்புங்க.

அரசுகளிடமும் கேட்கிறோம். ஊராட்சி அளவிலான முன்னறிவிப்பு 2024இல் தொடங்கியாச்சு. அது செயலிக்குள்ளேயே தூங்கக் கூடாது. ஊராட்சிப் பலகையில், ஒலிபெருக்கியில், "இன்னிக்கு அறுக்கலாமா, உரம் போடலாமா"ன்னு புரியுற தமிழில் ஊருக்குள்ள வரணும். நம்பிக்கையை மக்கள்கிட்ட கேட்டு வாங்க முடியாது; உழைச்சுத்தான் வாங்கணும்.

தோழர்களே, ஊருக்கு ஒரு மாணவர் பொறுப்பெடுங்க. இந்தப் பருவத்திலேயே தொடங்குவோம்.

#காவிரிடெல்டா #காலநிலை #மாணவர்சக்தி